கரகரப்பு

அரிமளம்
3.6.2024

அன்புள்ள தம்பி சேவுகனுக்கு,

அக்கா உண்ணாமலை எழுதுவது. நானும் உன் மச்சானும் சுகம். நீயும் வனிதாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்ள எட்டு வருஷமாக நான் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை.

கிழித்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம். அப்பாவை எரித்த அன்றைக்கு நீ கருப்பர் கோயில் வாசலில் கற்பூரத்தைக் கொளுத்தி, கையால் அடித்து அணைத்துவிட்டுச் சொன்னது எனக்கு மனப்பாடம். "இனிமே ஒங்கூடப் பேச மாட்டேன். நீ எங்கிட்டப் பேசுனா ஒன் தொண்டை அடைச்சுப் போகும்." பேச்சைத்தான் சொன்னாய். எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. முப்பத்து நாலு வருஷம் பெண் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்தியவள் நான். ஒரு விதி எதுவரைக்கும் செல்லும் என்று எனக்குத் தெரியும்.

மே மாதத்தோடு ஓய்வு கொடுத்துவிட்டார்கள். ஒரு சால்வை, ஒரு குத்துவிளக்கு, நாலு பேர் பேச்சு. மறுநாளே உன் மச்சானை ஏணியைப் பிடிக்கச் சொல்லிப் பரண்மேல் இருந்த நம் அமெச்சூர் ரேடியோ டிரான்ஸ்மிட்டரை இறக்கிவிட்டேன். தொண்ணூறில் நீயும் நானும் சேர்ந்து கட்டிய அதே வால்வு செட். அதில் இருந்த 807 நம்பர் வால்வுகள் மூன்றும் உடையாமல் இருக்கின்றன. மோர்ஸ் தட்டும் பகுதி அநேகமாக உயிர்பெற்றுவிடும். குரலை அனுப்பும் பகுதியை நீ பாதியில் விட்டுவிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாய். "பேசறதுக்குத்தான் போன் இருக்கே. மோர்ஸ்தான் வித்தை" என்றாய். அந்தப் பாதியை நான் முடிக்கப் போகிறேன்.

அதற்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும். பழையதை எலி தின்றுவிட்டது. எத்தனை சுற்று, என்ன கம்பி என்ற கணக்கு உன் நோட்டில்தான் இருக்கும். எழுதி அனுப்பு. முடிந்தால் நீயே சுற்றி அனுப்பு. ஆடி முடிவதற்குள் எனக்கு வேண்டும். என்ன அவசரம் என்று கேட்காதே. வேலை இல்லாதவளுக்குத்தான் அவசரம் அதிகம்.

அன்புடன்
அக்கா உண்ணாமலை


அரிமளம்
9.6.2024

அன்புள்ள வனிதா,

நலமா அம்மா? உன் பள்ளிக்கூட விலாசத்துக்கு எழுதுகிறேன் என்று திகைக்காதே. உன் போனை அவனும் எடுத்துப் பார்ப்பான். இது அவன் கண்ணில் படக்கூடாது.

எனக்குத் தொண்டையில் கட்டி. சாக்குப்பீஸ் தூசி என்று ஆறு மாதம் சுக்கு வைத்துக் குடித்தேன். சதை எடுத்துப் பரிசோதித்ததில் புற்று என்று வந்துவிட்டது. நாளையிலிருந்து திருச்சிக்குத் தினமும் பஸ், முப்பத்து மூன்று நாள் கழுத்தில் கதிர் பாய்ச்சி கரண்ட் வைக்கிறார்கள். அதற்கு அடங்கினால் பிழைத்தது. அடங்காவிட்டால் குரல்பெட்டியை மொத்தமாக எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எடுத்தால் உயிர் இருக்கும். பேச்சு இருக்காது.

இதை அவனிடம் சொல்லக்கூடாது. ஏன் என்று உனக்கே தெரியும். அவன் வாயால் தொண்டை அடைக்கும் என்று சொன்னான். மோட்டாருக்கும் மீட்டருக்கும் நடுவில் வாழ்கிறவன்தான், சாமி பூதம் நம்பாதவன் மாதிரிதான் பேசுவான். ஆனால் எட்டு வருஷமாக ஏன் அந்தச் சத்தியத்தை மீறவில்லை? இது தெரிந்தால் தன் வாக்குதான் பலித்தது என்று நினைத்து உட்கார்ந்துவிடுவான். எனக்கு அவனைத் தெரியும், அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள்.

எனக்கு ஒரே ஆசை. குரல் இருக்கும்போதே அவன் காதில் அது விழ வேண்டும். போன் செய்தால் கட் பண்ணுவான், போன வருஷம் பொங்கலுக்குப் பார்த்தாய் அல்லவா? அதனால் ரேடியோ. ரேடியோவில் நான் யாரையும் பெயர் சொல்லி அழைக்க மாட்டேன். கேட்கிறவர் எவரானாலும் கேட்கட்டும் என்று பொது அழைப்புக் கொடுப்பேன். அது அவனிடம் பேசியதாகாது. அவன் கேட்டால் அது அவன் பாடு.

அவன் கடிதத்தைக் கிழித்தானா, வைத்திருக்கிறானா என்று மட்டும் ஒரு வரி போடு.

உன்
உண்ணாமலை அண்ணி


ஓசூர்
26.6.2024

மதிப்பிற்குரிய மச்சான் சோலையப்பன் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வீட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவருக்கு நான் பதில் எழுதுவதற்கில்லை. கீழே உள்ளதைத் தாங்கள் படித்து, சம்பந்தப்பட்டவர் காதில் போடவும்.

ஒன்று. முப்பது வருஷம் பரண்மேல் கிடந்த செட்டை நேராகக் கரண்டில் சொருகுவது முட்டாள்தனம். கண்டன்சர்கள் காய்ந்து போயிருக்கும், வெடிக்கும். வீட்டு மின்சாரத்துக்கும் செட்டுக்கும் நடுவில் நூறு வாட்ஸ் பல்ப் ஒன்றைத் தொடரில் போடவும். பல்ப் பளிச்சென்று எரிந்தால் உள்ளே ஷார்ட். மங்கி அடங்கினால் மேலே போகலாம்.

இரண்டு. அதில் அறுநூறு வோல்ட் இருக்கிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் இருக்கும். சம்பந்தப்பட்டவருக்குச் சிறு வயதிலிருந்தே பொறுமை கிடையாது. ஒரு கையை இடுப்பில் கட்டிக்கொண்டு மறு கையால் மட்டும் உள்ளே வேலை செய்யச் சொல்லவும்.

மூன்று. குரல் எதற்கு? மோர்ஸ் போதும். மோர்ஸில் சம்பந்தப்பட்டவர் கை என் கையைவிட நன்றாக இருக்கும். அந்த வயதில் பேசுவதற்கு இல்லாத ஆசை இப்போது எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை.

சுற்றுக் கணக்கைத் தேடிப் பார்க்கிறேன். நோட்டு எங்கே என்று தெரியவில்லை. எதையும் உறுதியாகச் சொல்லவில்லை.

தங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

தங்கள்
சேவுகன்


அரிமளம்
3.7.2024

அன்புள்ள மச்சான் சேவுகனுக்கு,

சோலையப்பன் சொல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நலம் இல்லாவிட்டாலும் நலம் என்றுதான் எழுத வேண்டும், அதுதானே முறை.

பல்ப் போட்டோம். முதலில் பளிச்சென்று எரிந்தது, ஒரு புகை, ஒரு நாற்றம். எழுதுகிறவர் பயப்படவில்லை. சொல்கிறவர் பின்வாசல் வழியாக ஓடிவிட்டார். இரண்டு கண்டன்சர்களை மாற்றிய பிறகு பல்ப் மங்கி அடங்கியது. வால்வுக்குள் நீலம் தெரிந்தபோது நாங்கள் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

கையை இடுப்பில் கட்டச் சொன்னதற்கு நன்றி. முந்தானையால் கட்டிக்கொண்டேன். எழுதுகிறவர் கட்டிக்கொண்டார் என்று படிக்கவும்.

குரல் எதற்கு என்று கேட்டிருக்கிறாய். மோர்ஸில் தட்டுவது யார் கை என்று தெரியும், யார் என்று தெரியாது. இது போதும் காரணம்.

எழுதுகிறவருக்குத் தினமும் திருச்சிக்கு ஒரு வேலை இருக்கிறது, ஓய்வூதியக் காகிதம் அது இது என்று. காலை பஸ்ஸில் போய்ச் சாயங்காலம் வருகிறார். வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அந்தச் செட்டின் முன்னால்தான் உட்காருகிறார். உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டால் தேவலை.

அன்புடன்
சோலையப்பன்
(கையெழுத்து அவருடையதுதான். சந்தேகம் இருந்தால் போனில் கேள்.)


ஓசூர்
28.7.2024

மச்சான் அவர்களுக்கு,

டிரான்ஸ்பார்மரைத் தனியே பார்சலில் அனுப்பியிருக்கிறேன். எந்தக் கம்பி எங்கே போகிறது என்று படம் வைத்திருக்கிறேன். பழைய கணக்கு கிடைக்கவில்லை, புதிதாகப் போட்டேன். முதலில் சுற்றியதில் தாள் கிழிந்து பாழாகிவிட்டது. இது இரண்டாவது.

சுற்றி முடித்தும் பதினைந்து நாளாக இது எங்கள் வீட்டு பீரோ மேல்தான் இருந்தது. அனுப்ப மனம் வரவில்லை. இனி மறைத்து எழுத எனக்குப் பொறுமை இல்லை. அக்காவிடமே சொல்லிவிடுகிறேன், எழுத்துத்தானே.

நீ விதி பேசுகிறாய். எனக்கும் ஒரு விதி உண்டு. ஒரே மகன் உயிரோடு இருக்கும்போது அவன்தான் கொள்ளி வைக்க வேண்டும். அப்பா போன அன்றைக்கு, நான் சேலத்தைத் தாண்டிவிட்டேன் என்று போனில் சொன்னேன். வெள்ளிக்கிழமை பொழுதுக்குள் எடுத்துவிட வேண்டும், சனிப்பிணம் துணை தேடும் என்று பங்காளிகள் சொன்னார்களாம், நீயும் தலையை ஆட்டிவிட்டாயாம். பாடையில் ஒரு கோழியைக் கட்டினால் தீர்ந்து போகிற தோஷம் அது. கோழி கிடைக்காத ஊரா நம் ஊர்? நான் வந்து நின்றபோது சாம்பல் சூடாக இருந்தது. சித்தப்பா மகன் மொட்டைத் தலையோடு நின்றான்.

அறிவியல் படித்த நீ, "என் தம்பி வரட்டும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அந்த ஒரு வார்த்தைக்கு அன்றைக்கு இல்லாத குரல் இப்போது எதற்கு?

பார்சலை வாங்கிக்கொள். நேற்று மறுபடி பூசிய வார்னிஷ் இன்னும் முழுசாகக் காயவில்லை, இரண்டு நாள் வெயிலில் வை.

சேவுகன்


அரிமளம்
12.8.2024

அன்புள்ள தம்பிக்கு,

டிரான்ஸ்பார்மர் பத்திரமாக வந்தது. என் கையில் வைத்துப் பார்த்தேன். சுற்று ஒவ்வொன்றும் அவ்வளவு நெருக்கம். நீ ஒரு வேலையை அரைகுறையாகச் செய்து நான் பார்த்ததே இல்லை, கோபத்தையும் சேர்த்து.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நாற்பது மீட்டர் அலையில் முதல் தடவையாகக் குரலில் பொது அழைப்புக் கொடுத்தேன். பழைய கிரிஸ்டல்தான், அது நிற்கிற அலைவரிசை உனக்குத் தெரியும். பத்து நிமிஷம் பேசினேன். அரிமளத்தில் மழை இல்லை என்றேன். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் பலாப்பழம் வெட்டி ஈ மொய்க்கிறது என்றேன். எந்தப் பெயரும் சொல்லவில்லை. பேசி முடித்து ரிசீவரைத் திறந்துவைத்து முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விஜயவாடாவிலிருந்து ஒருவர் அகப்பட்டார். நல்ல மனிதர், வானிலை கேட்டார்.

இனி ஒவ்வொரு ஞாயிறும் பத்து மணி. யாராவது கேட்டால் கேட்கட்டும்.

உன் கடிதத்தில் இருக்கும் மற்ற விஷயத்துக்கு இப்போது பதில் எழுத எனக்கு வரவில்லை.

அன்புடன்
அக்கா


ஓசூர்
16.8.2024

அக்காவுக்கு,

ஞாயிறன்று தற்செயலாக ரிசீவரைத் திறந்தேன். தற்செயலாகத்தான். கேட்டது பற்றிய அறிக்கை.

வார்த்தை புரிகிறது. பலம் நடுத்தரம், நடுநடுவே மங்கி எழும்புகிறது. இந்தத் தூரத்துக்கு அது சரி. ஆனால் குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறது. வாக்கியத்தின் தொடக்கத்தில் பரவாயில்லை. முடிவுக்கு வரவர கிழிகிறது. கடைசி இரண்டு வார்த்தை வெறும் காற்றாக வருகிறது. உன் குரல் அப்படிப்பட்டது இல்லை. பள்ளி மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அந்தக் கோடியில் கண்ணாமூச்சி விளையாடுகிறவளை அதட்டுகிற குரல். எட்டு வருஷத்தில் ஒரு குரல் தடிக்கலாம், இப்படிப் பிய்ந்து போகாது.

எனவே பழுது செட்டில். மூன்று இடங்களைப் பார். முதலில் மைக்கை மாற்று. பிறகு வால்வுகளை இடம் மாற்றிப் போடு. பிறகு டிரான்ஸ்பார்மர் சூடாகிறதா என்று கையை வைத்துப் பார், செட்டை அணைத்த பிறகு. எது மாறினாலும் எனக்கு எழுது. இந்த வாரமே எழுது.

பலாப்பழம் ஆடிக் கடைசி வரைக்குமா இருக்கிறது?

சேவுகன்


ஓசூர்
27.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

வனிதா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? கரண்ட் வைத்த இடத்துப் புண் ஆறிவிட்டதா? கஞ்சியாவது இறங்குகிறதா?

அண்ணி, என்னால் முடியவில்லை. மைக்கை மாற்றினேன், வால்வை மாற்றினேன், கரகரப்புப் போகவில்லை என்று நீங்கள் எழுதிய கார்டு வந்ததிலிருந்து இவர் ஒரு நிலையில் இல்லை. போன ஞாயிறும் கேட்டார். பத்து மணிக்கு ஒன்பதரைக்கே உட்கார்ந்துவிட்டார். உங்கள் குரல் வந்ததும் முகம் மலர்ந்தது, அப்புறம் சுருங்கிவிட்டது. "டிரான்ஸ்பார்மர்தான் வனிதா. நான் அவசரத்துல சுத்துனது. அவ கொரலை நான் கெடுத்துட்டேன்" என்றார். நான் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

இப்போது மூன்றாவதாக ஒன்று சுற்றுகிறார். வேலையிலிருந்து வந்ததும் உட்காருகிறார். சுற்றை வாய்விட்டு எண்ணுகிறார். காபி என்று கூப்பிட்டால் எண்ணிக்கை விட்டுப்போய் எரிந்து விழுகிறார். நேற்று ஆயிரத்துச் சொச்சம் வரைக்கும் போனதை மொத்தமாகப் பிரித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்.

சொல்லிவிடட்டுமா? தப்பு டிரான்ஸ்பார்மரில் இல்லை என்று மட்டுமாவது?

உங்கள்
வனிதா


அரிமளம்
31.8.2024

அன்புள்ள வனிதா,

கஞ்சி இறங்குகிறது. கவலைப்படாதே.

சொல்லாதே. நேற்று திருச்சியில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார்கள். கட்டி அடங்கவில்லை. செப்டம்பர் பதினேழு, செவ்வாய்க்கிழமை அறுவை என்று நாள் குறித்துவிட்டார்கள். எனக்கு இனி இரண்டு மூன்று ஞாயிறுதான். அவன் கோபத்தில் சுற்றட்டும், எண்ணட்டும், உன்மேல் எரிந்து விழட்டும். கம்பியோடு மல்லுக்கட்டுகிறவன் பிழைத்துக்கொள்வான். தன்னோடு மல்லுக்கட்ட ஆரம்பித்தால் மீளமாட்டான்.

அவன் என் குரலுக்காக ராப்பகல் யோசிக்கிறான் என்று நீ எழுதியதைப் படித்தபோது, கெட்டவள் நான், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. எட்டு வருஷத்துக்கு அப்புறம் என்னைப் பற்றி யோசிக்கிறான். அது செட்டின் பழுதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

உன்மேல் பாரத்தை வைத்துவிட்டேன். மன்னித்துக்கொள்.

உண்ணாமலை அண்ணி


ஓசூர்
9.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்றாவது டிரான்ஸ்பார்மரைப் போட்டு நேற்று நீ பேசியதைக் கேட்டேன். முன்னைவிட மோசம். பாதிக்குமேல் காற்றுதான். நீ சிரிக்க முயன்றாய், அது இருமலைப் போலக் கேட்டது.

இதற்குமேல் எனக்குச் செய்யத் தெரியவில்லை. சுற்று சரி, இரும்பு சரி, தாள் சரி, மூன்று தடவை அளந்தேன். எல்லாம் சரியாக இருந்தும் வெளியே வருவது தப்பு என்றால், என் கை போய்விட்டது என்றுதான் அர்த்தம். கம்பெனியில்கூடப் போன மாதம் நான் சரிபார்த்த மோட்டார் ஒன்று திரும்பி வந்தது. அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

சுற்றும் மெஷினை என்னோடு வேலை பார்க்கும் ஜெபக்குமாரிடம் கொடுத்துவிட்டேன். மீட்டர்களையும் கொடுக்கப் போகிறேன். அடுத்த மாதம் ஸ்டோருக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். அங்கே எண்ணிக் கொடுத்தால் போதும்.

நீ அந்த டிரான்ஸ்பார்மரைக் கழற்றித் தூர வை. நல்லதாக வேறு யாரிடமாவது வாங்கிக்கொள். நான் உன் குரலைக் கேட்க ஆசையில்லை என்று காட்டிக்கொண்டேன். ஆசைதான். அதனால்தான் இந்த ஆத்திரம். உன் பழைய குரலை ஒரு தடவை சரியாகக் கேட்க என்னால் ஒரு சாமான் செய்ய முடியவில்லை.

சேவுகன்


அரிமளம்
12.9.2024

அன்புள்ள தம்பிக்கு,

இதைக் கூரியரில் அனுப்புகிறேன். சனிக்கிழமைக்குள் வந்துவிடும் என்கிறார்கள். உட்கார்ந்து படி.

டிரான்ஸ்பார்மரில் பழுதில்லை. முதலில் அனுப்பியதிலும் இல்லை, பிறகு அனுப்பியதிலும் இல்லை. என் குரல் எப்படி இருக்கிறதோ அப்படியே கொண்டுவந்து உன் காதில் சேர்த்திருக்கிறாய். அவ்வளவு சுத்தமான வேலை. கரகரப்பு என்னுடையது. தொண்டையில் புற்று. செவ்வாய்க்கிழமை திருச்சியில் குரல்பெட்டியை எடுக்கிறார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்கிறார்கள். பேச்சு அன்றோடு சரி.

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். எதற்கு மறைத்தேன் என்று உனக்கே இப்போது புரிந்திருக்கும். அதனால் கேள். நீ போட்ட விதி என்ன? நான் உன்னிடம் பேசினால்தானே? எட்டு வருஷத்தில் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. போனில் "அ" என்பதற்குள் கட் பண்ணிவிட்டாய், அது கணக்கில் வராது. ரேடியோவில் பொது அழைப்புத்தான் கொடுத்தேன். கட்டியோ அதற்கு ஆறு மாதம் முன்பே வந்துவிட்டது. ஆகவே உன் விதிப்படியே பார்த்தாலும் நீ காரணம் இல்லை. இதில் எங்காவது ஓட்டை இருந்தால் சொல், திருத்திக்கொள்கிறேன்.

உன்னிடம் சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் உன் கை போய்விட்டது என்று எழுதிவிட்டாய். அதை நான் எப்படிப் பொறுப்பேன்? என் நோய்க்கு உன் கையைப் பலி கொடுக்க முடியாது. ஜெபக்குமாரிடமிருந்து மெஷினைத் திரும்ப வாங்கு. ஸ்டோரும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

வனிதாவைத் திட்டாதே. நான்தான் அவள் வாயைக் கட்டினேன்.

ஞாயிறு பத்து மணிக்குக் கடைசியாக ஒரு தடவை பேசுகிறேன். அப்பாவை எடுத்த அன்றைக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். கேட்டுக்கொள். பதிலுக்கு ஒன்றும் வேண்டாம். மனம் வந்தால் மோர்ஸ் சாவியில் ஒரு தட்டுத் தட்டு, போதும்.

அக்கா


அரிமளம்
15.9.2024, ஞாயிறு மதியம்

அன்புள்ள வனிதா,

ராத்திரி ஓசூரில் பஸ் ஏறிய நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். செவ்வாய் கழித்தும் பத்து நாள் இங்கேதான். கம்பெனியில் சொல்லிவிடு. உன்னிடம் பேசப் போனை எடுத்தேன், நம்பரைப் போடாமலே வைத்துவிட்டேன். அதனால் எழுதுகிறேன். நாளைக்குத் தபாலில் போட்டுவிடுவேன். நீ மூன்று மாதம் என்னிடம் சொல்லாமல் இருந்ததற்குத் திட்ட வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்திருந்தேன். விட்டுவிட்டேன்.

காலையில் புதுக்கோட்டையில் இறங்கி டவுன் பஸ் பிடித்தேன். நம் ஊர் விலக்கில் இறங்கிக் கருப்பர் கோயிலுக்குப் போனேன். பூசாரி வெள்ளைச்சாமி வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. "நாந்தான் சொன்னேன், அவ ஒண்ணும் செய்யல. எதுனாலும் எங்கிட்டக் கேளு" என்று சொல்லிவிட்டுத் திருநீறு எடுத்துக்கொண்டு வந்தேன். அக்காவின் கணக்கில் ஓட்டை இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் போனேன்.

அரிமளம் வந்து சேர்ந்தபோது பத்து தாண்டிவிட்டது. வாசலில் மச்சான் நின்றார். என்னைப் பார்த்ததும் வாயில் விரலை வைத்து உள்ளே கையைக் காட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறை வாசலில் போய் நின்றேன்.

எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கழுத்தைச் சுற்றித் துண்டு. துண்டுக்கு மேலே தோல் கறுத்துக் கிடந்தது. மேசைமேல் செட்டு, நீலமாக மூன்று வால்வுகள், நடுவில் நான் சுற்றியது. இந்தத் தடவை பொது அழைப்பு இல்லை வனிதா. ஓசூரில் இருக்கும் தம்பி சேவுகன் என்று என் பெயரைச் சொல்லியே பேசிக்கொண்டிருந்தாள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லலையான்னு கேட்டே. சொன்னேன்டா. தெருமொனையில பாடைய எறக்கி வைக்கச் சொன்னேன். என் தம்பி சேலம் தாண்டிட்டான், அவன் வராம தூக்கக் கூடாதுன்னு முன்னால உக்காந்துட்டேன். ஒண்ணரை மணி நேரம். சித்தப்பா என்னைக் கையப் புடிச்சு இழுத்தாரு. பொம்பளைக்கு இங்கன என்ன வேலைன்னாரு. பொழுது சாஞ்சதும் நாலு பேரு என்னைத் தூக்கி ஓரமா வச்சுட்டுப் போனாங்க. நீ வந்து கத்துனப்போ இதச் சொல்லியிருக்கலாம். எனக்கும் வீம்பு. எந்தம்பியே என்னை நம்பலைன்னா யாருட்ட என்ன சொல்றதுன்னு விட்டுட்டேன்."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் நாலு இடத்தில் குரல் நின்றுவிட்டது. நிற்கிற இடத்தில் தண்ணீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். எனக்கு உள்ளே போய்க் காலில் விழ வேண்டும் போல இருந்தது. ஆனால் ஒருவர் அலையில் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசக்கூடாது என்று அவளேதான் எனக்குச் சொல்லித் தந்தாள். நின்றேன்.

கடைசியாக, "அவ்வளவுதான்டா. நீ நல்லா இருக்கணும். ஓவர்" என்றாள். ஸ்விட்சை மாற்றினாள். ரிசீவர் இரைச்சல் அறை முழுக்க வந்தது. ஓசூரிலிருந்து ஒரு தட்டாவது வரும் என்று கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் "அக்கா" என்று கூப்பிட்டேன்.

அவள் திரும்பவில்லை. மெதுவாக முன்னால் குனிந்து, காதை ஸ்பீக்கரோடு ஒட்டி வைத்து, ரிசீவரின் குமிழை இரண்டு விரலால் பிடித்து, இந்தப் பக்கம் ஒரு மயிரிழை, அந்தப் பக்கம் ஒரு மயிரிழை திருப்பினாள். எங்கே அலையில் நழுவிவிடுவேனோ என்று மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு திருப்பினாள். நான் மறுபடியும் கூப்பிட்டேன். அவள் ஒலியை இன்னும் கொஞ்சம் கூட்டி வைத்தாள். மூன்றாவது தடவை கிட்டே போய்த் தோளைத் தொட்டுத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

உன்
சேவுகன்